குரங்கின் திசுக்களில் எஸ்.ஐ.வி.: நோயெதிர்ப்பு செல் ஆய்வுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி. நுழைந்த முதல் சில நாட்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மனிதர்களிடம் பார்ப்பது மிகக் கடினம். தொற்றியவருக்கே அது தெரியாது. தெரிந்து பரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் வாரங்கள் ஓடியிருக்கும். அப்போதும் ரத்தம் எடுக்கலாமே தவிர, மண்ணீரலையும் குடலையும் வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. அந்த நாட்களைப் பற்றி இன்று பாடப்புத்தகங்களில் இருப்பதில் பெரும்பகுதி ஆசியக் குரங்குகளில் எஸ்.ஐ.வி. என்ற உறவுக்கார வைரஸைச் செலுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

உயிரியல் படிக்கும் மாணவர்களும், ஆர்வத்தால் இத்தகைய ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து பார்ப்பவர்களும் எதை, எந்த வரிசையில் கவனிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். சிடி4 டி செல் உதவி செய்யும், சிடி8 டி செல் தொற்றிய செல்லைக் கொல்லும் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். எந்த முடிவைப் படித்தாலும் எந்த விலங்கு, எந்தத் திசு, திசுவுக்குள் எந்த மூலை, எத்தனையாவது நாள் என்ற கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத எண்ணிக்கைக்கு இந்தத் துறையில் பெரிய மதிப்பில்லை.

படி 1: எந்தக் குரங்கு, எந்த வைரஸ்?

மனிதரிடம் பரவலாக உள்ள எச்.ஐ.வி.-1, ஆசியாவின் ரீசஸ் குரங்கில் பெருகாது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் 2004-ல் தெரியவந்தது. ரீசஸின் செல்களில் ட்ரிம்5-ஆல்ஃபா என்றொரு புரதம் இருக்கிறது. உள்ளே நுழைந்த வைரஸின் புரதக் கூட்டைப் பிடித்து, மரபணு நகலாகும் முன்பே அதை முடக்கிவிடுகிறது. அதனால்தான் எஸ்.ஐ.வி. தேவைப்படுகிறது.

இந்த வைரஸை 1985-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து முதனி (குரங்கினங்கள்) ஆய்வு மையத்தில் நோயுற்ற ரீசஸ் குரங்குகளிடம் கண்டார்கள். அது ரீசஸின் சொந்த வைரஸ் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்கிடமிருந்து, அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இரண்டு இனமும் கலந்தபோது தாவியது. மனிதருக்கு எச்.ஐ.வி.-2 வந்ததும் அதே மாங்கபேயிடமிருந்துதான். எச்.ஐ.வி.-1 சிம்பன்சி வழியாக வந்தது.

ரீசஸிலும் இரண்டு வகை உண்டு: இந்திய வம்சாவளி, சீன வம்சாவளி. 1978-ல் இந்திய அரசு ரீசஸ் ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று அமெரிக்க மையங்களில் 'இந்திய ரீசஸ்' என்று குறிப்பிடப்படுபவை அதற்கு முன் போனவற்றின் வாரிசுகள். (நம் கோயில்களிலும் மலைச்சாலைகளிலும் பையைப் பறிக்கும் நாட்டுக்குரங்கு இதன் நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம்.) இந்திய ரீசஸில் எஸ்.ஐ.வி. வேகமாக நோயாகிறது, பல விலங்குகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் எய்ட்ஸ் வந்துவிடும். சீன ரீசஸில் அதே வைரஸ் பொதுவாக மெதுவாகப் போகும். ஆகவே ஒரு கட்டுரையின் வைரஸ் அளவை இன்னொன்றோடு ஒப்பிடும் முன் வம்சாவளியைப் பாருங்கள்.

அடுத்து மரபணு. மாமு-ஏ*01, மாமு-பி*08, மாமு-பி*17 ஆகிய எம்.எச்.சி. (வைரஸ் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் புரதம்) வகைகள் உள்ள குரங்குகள் வைரஸைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அதிகம். ஒரு குழுவில் இவை அதிகமாக இருந்துவிட்டால், தடுப்பூசி எந்தப் பயனும் தராமலே வெற்றி பெற்றதுபோலத் தோன்றும். நல்ல கட்டுரைகள் செய்முறைப் பகுதியிலேயே இதைச் சொல்லிவிடும்.

வைரஸைச் செலுத்திய பாதையும் முக்கியம். நரம்பில் ஊசியாகப் போட்டால் சளிச்சவ்வில் நடக்கும் முதல் கட்டமே இல்லாமல் போய்விடும். மலக்குடல் அல்லது யோனி வழியாகச் செலுத்திய ஆய்வுகள்தான் இயற்கையான தொற்றுக்கு நெருக்கமானவை.

படி 2: எந்தத் திசு?

உடலின் லிம்ஃபோசைட்டுகளில் (டி செல், பி செல் போன்ற வெள்ளணுக்கள்) ரத்தத்தில் ஓடுபவை சுமார் 2 சதவீதம்தான். மீதமெல்லாம் நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், குடல் சவ்வு, எலும்பு மஜ்ஜை என்று உட்கார்ந்திருக்கின்றன. ரத்தத்தை மட்டும் எண்ணிவிட்டு உடல் முழுவதையும் பற்றிப் பேசுவது, பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை எண்ணி ஊர் மக்கள்தொகையைச் சொல்வது போன்றது.

திசு எடுக்க இரண்டு வழி. விலங்கு உயிரோடு இருக்கும்போதே நிணநீர் முடிச்சிலிருந்து மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சலாம், மலக்குடல் சவ்வில் சிறு துண்டுகள் எடுக்கலாம், நுரையீரலைக் கழுவி அந்த நீரைச் சேகரிக்கலாம். ஒரே விலங்கை வாரக்கணக்கில் தொடர முடியும் என்பதுதான் இதன் பலம். இன்னொன்று, குறிப்பிட்ட நாளில் விலங்கைக் கருணைக்கொலை செய்து எல்லா உறுப்புகளையும் எடுப்பது. முழுப் படம் கிடைக்கும், ஆனால் அது ஒரே ஒரு கணத்தின் படம். 3-ஆம் நாள் பார்த்த விலங்கும் 10-ஆம் நாள் பார்த்த விலங்கும் வேறு வேறு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு மூன்று விலங்குகள்தான் இருக்கும். ஒரு உயிரை எடுத்துக் கிடைக்கும் தரவு என்பதால் எண்ணிக்கை குறைவாக இருப்பது சரிதான், இருக்கவும் வேண்டும். ஆனால் படிப்பவர் அந்த வரைபடக் கோட்டை ஒரே குரங்கின் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது.

திசுவுக்குள்ளும் ரத்தக் குழாய்கள் இருப்பதால், எண்ணிய செல் திசுவுடையதா குழாயில் போய்க்கொண்டிருந்ததா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. சில ஆய்வுகளில் விலங்கு இறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் நிறமேற்றிய ஆன்டிபாடியை நரம்பில் செலுத்துவார்கள். ரத்தத்தில் இருந்த செல்களில் நிறம் ஏறியிருக்கும், திசுவுக்குள் இருந்தவற்றில் ஏறியிருக்காது.

படி 3: செல்லை எப்படி அடையாளம் கண்டார்கள்?

மனித நோயெதிர்ப்பியல் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் இடம் இது. என்.கே. செல்லை (தொற்றிய செல்லைக் கொல்லும் இன்னொரு வகை வெள்ளணு) மனிதரில் சிடி56 என்ற மேற்பரப்புப் புரதத்தை வைத்துத் தேடுவோம். ரீசஸில் அதே சிடி56 மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்களில் இருக்கிறது. அங்கே என்.கே. செல் என்றால் சிடி3 இல்லாமல், சிடி8-ஆல்ஃபாவும் என்.கே.ஜி2ஏ-யும் உள்ள செல். நினைவு டி செல்களை (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) பிரிக்கவும் குரங்கு ஆய்வுகளில் சிடி28, சிடி95 என்ற இணையைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். இரண்டும் இருந்தால் மைய நினைவு செல். சிடி95 மட்டும் இருந்தால் களத்தில் இறங்கத் தயாராக இருக்கும் நினைவு செல். சிடி28 மட்டும் இருந்தால் இன்னும் எதையும் சந்திக்காத புது செல். திசுவிலேயே குடியிருக்கும் டி செல்களுக்கு சிடி69, சிடி103 ஆகியவை அடையாளம்.

சதவீதக் கணக்கில் கவனமாக இருங்கள். "குடலில் சிடி8 செல்களின் பங்கு இரண்டு மடங்கானது" என்று எழுதியிருந்தால், சிடி8 பெருகியிருக்கலாம். அல்லது சிடி4 செத்துப்போனதால் மிச்சமிருந்த சிடி8-இன் பங்கு கூடியதுபோல் தெரியலாம். எஸ்.ஐ.வி. தொற்றில் இரண்டாவது அடிக்கடி நடக்கும். ஒரு கிராம் திசுவுக்கோ, ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுக்கோ எத்தனை செல் என்ற நேரடி எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

படி 4: நாட்காட்டியை வைத்துக்கொண்டு படியுங்கள்

யோனி வழித் தொற்றின் முதல் வாரத்தை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி ஹாஸ் குழு மிக விரிவாகப் படித்தது. சவ்வைச் சில மணி நேரத்திலேயே வைரஸ் கடந்துவிடுகிறது. ஆனால் முதலில் தொற்றுவது மிகச் சில செல்களைத்தான். அந்தச் சிறு கூட்டம் உள்ளூரிலேயே பெருகி, பிறகு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கும், அங்கிருந்து ரத்தம் வழியாக உடலெங்கும் போகிறது.

இந்த இடத்தில் உடலின் எதிர்ப்பே வைரஸுக்கு உதவுகிறது. சவ்வின் செல்கள் ஆபத்துச் செய்தியாக சி.சி.எல்.20 என்ற கீமோகைனை (செல்களை வரவழைக்கும் சமிக்ஞைப் புரதம்) விடுகின்றன. அதைப் பின்பற்றி, இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் டென்ட்ரிடிக் செல்கள் வருகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞைகளைக் கேட்டு சிடி4 டி செல்கள் குவிகின்றன. வைரஸுக்குத் தேவை அந்த சிடி4 டி செல்கள்தான். கிளிசரால் மோனோலாரேட் என்ற அழற்சி தணிக்கும் கொழுப்புப் பொருளைத் தடவி இந்தச் சங்கிலியை அறுத்தபோது, பலமுறை வைரஸ் செலுத்தியும் குரங்குகள் தொற்றிலிருந்து தப்பின. அந்தக் கட்டுரை 2009-ல் வந்தது. எதிர்ப்பு அதிகமானால் நல்லது என்ற பொதுப் புத்தியைக் கேள்வி கேட்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

3-ஆம் நாள் மிக முக்கியம். ரத்தத்தில் வைரஸ் தெரிவதற்கு முன்பே, 3-ஆம் நாளில் மருந்து தொடங்கிய ரீசஸ் குரங்குகளில் 24 வாரம் சிகிச்சை கொடுத்து நிறுத்தினார்கள். வைரஸ் திரும்பி வந்தது. தாமதமாக வந்ததே தவிர, வராமல் இருக்கவில்லை. ரத்தம் சுத்தமாக இருந்த நாளிலேயே திசுக்களில் வைரஸின் தேக்கம் (மருந்துக்கு எட்டாமல் ஒளிந்திருக்கும் தொற்றிய செல்கள்) உருவாகிவிட்டது என்பதை 2014-ல் இந்த ஆய்வு காட்டியது.

10 முதல் 14-ஆம் நாளுக்குள் வைரஸ் உச்சத்தைத் தொடுகிறது. வைரஸை அடையாளம் காணும் சிடி8 டி செல்கள் சளிச்சவ்வில் கணிசமாகச் சேர்வதும் இதே சமயத்தில் அல்லது சற்றுப் பின்னால்தான். படை வருகிறது, ஆனால் ஊர் எரிந்த பிறகு.

படி 5: குடலைத் தனியாகப் படியுங்கள்

1998-ல் ரொனால்ட் வீசியும் அவரது சகாக்களும் வெளியிட்ட முடிவு துறையின் பார்வையையே மாற்றியது. தொற்றிய சில நாட்களிலேயே ரீசஸின் குடலில் சிடி4 டி செல்கள் காணாமல் போயின. அந்த நேரத்தில் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் அப்படியொரு சரிவு இல்லை. நோய் மெல்ல மெல்ல சிடி4-ஐக் குறைத்து பல ஆண்டுகளில் எய்ட்ஸ் ஆகிறது என்ற பழைய கதை, ரத்தத்தை மட்டும் பார்த்ததால் வந்த கதை.

ஏன் குடல்? அங்குள்ள சிடி4 செல்களில் பெரும்பாலானவை ஏற்கனவே தூண்டப்பட்ட நினைவு செல்கள், வைரஸின் நுழைவாயிலான சி.சி.ஆர்.5 ஏற்பி நிறைந்தவை. 2005-ல் ஜோசப் மட்டப்பள்ளில் குழு காட்டிய கணக்கு: உச்ச நேரத்தில் உடலெங்கும் உள்ள நினைவு சிடி4 செல்களில் 30 முதல் 60 சதவீதம் தொற்றியிருந்தன, அவற்றில் பெரும்பாலானவை அடுத்த 4 நாட்களுக்குள் மறைந்தன. அதே ஆண்டு ஹாஸ் குழு, தொற்றாத செல்களும் பக்கத்துச் சமிக்ஞைகளால் தற்கொலை செய்துகொள்வதைக் காட்டியது.

இழந்தவற்றில் டிஹெச்17 என்ற வகைதான் பெரிய நஷ்டம். குடல் சவ்வின் சுவரைப் பழுதுபார்க்கவும், பாக்டீரியாவை எல்லைக்குள் வைக்கவும் உதவுபவை அவை. அவை போனதும் சுவர் ஒழுகுகிறது, பாக்டீரியாவின் பொருட்கள் ரத்தத்துக்குள் கசிகின்றன, உடல் முழுவதும் எப்போதும் தூண்டப்பட்ட நிலையில் இருக்கிறது. தூண்டப்பட்ட சிடி4 செல்கள் கூடுவதால் வைரஸுக்கு மறுபடியும் இரை. ஒரு கட்டுரை குடலைப் பற்றிப் பேசும்போது, சவ்வின் மேல்படலமா, அதன் அடியிலுள்ள லாமினா புரோப்ரியாவா, சிறுகுடலா பெருங்குடலா என்று பிரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்படலத்தில் சிடி8 அதிகம், அடிப்படலத்தில் சிடி4 அதிகம். இரண்டையும் கலந்து அரைத்தால் வரும் எண் எதையும் சொல்லாது.

படி 6: நிணநீர் முடிச்சுக்குள் எந்த மூலை?

நிணநீர் முடிச்சை வெட்டிப் பார்த்தால் டி செல்கள் நிறைந்த பகுதி ஒருபுறம், பி செல்கள் வட்டமாகக் கூடிய ஃபாலிக்கிள்கள் ஒருபுறம். திசுவைக் கரைத்து செல்களைத் தனித்தனியாக்கி ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் எண்ணும் கருவி) ஓட்டினால் இந்த வரைபடம் அழிந்துவிடும். வைரஸ் ஆர்.என்.ஏ.-வை வெட்டுத் திசுவிலேயே ஒளிரவைக்கும் முறைகள் வந்த பிறகுதான் விஷயம் தெளிவானது.

ஃபாலிக்கிளுக்குள் பி செல்களுக்கு உதவும் ஒரு வகை சிடி4 செல்கள் இருக்கின்றன, டி.எஃப்.ஹெச். என்று சொல்வார்கள். நாட்பட்ட தொற்றில் வைரஸ் இவற்றில் பெருகுகிறது. ஆனால் கொல்ல வேண்டிய சிடி8 செல்களில் பெரும்பாலானவற்றிடம் ஃபாலிக்கிளுக்குள் போக அனுமதிக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.5 என்ற ஏற்பி இல்லை. வாசலில் நிற்கின்றன, உள்ளே போவதில்லை.

2015-ல் அமெரிக்காவின் ஓரிகான் ஆய்வாளர்கள் இதை நேர்த்தியாக நிரூபித்தார்கள். மருந்தின்றி வைரஸைக் கட்டுப்படுத்திவைத்திருந்த அபூர்வமான குரங்குகளில், மிச்சமிருந்த வைரஸ் பெருமளவு ஃபாலிக்கிள் டி.எஃப்.ஹெச். செல்களுக்குள் அடைந்திருந்தது. சிடி8 செல்களை ஆன்டிபாடியால் நீக்கியதும் வைரஸ் ஃபாலிக்கிளுக்கு வெளியேயும் பரவியது. சிடி8 திரும்ப வளர்ந்ததும் மறுபடி உள்ளே ஒடுங்கியது. சிடி8 வேலை செய்கிறது, ஆனால் எல்லைக்கு வெளியே மட்டும்.

நீக்கிப் பார்க்கும் இந்த உத்தி 1999 முதலே உண்டு. தொற்றின் தொடக்கத்தில் சிடி8 செல்களை நீக்கினால் வைரஸ் கட்டுக்கு வராது என்று அப்போதே காட்டினார்கள். ஆனால் படி 3-இல் பார்த்தபடி குரங்கின் என்.கே. செல்லிலும் சிடி8-ஆல்ஃபா இருக்கிறது. சிடி8-ஆல்ஃபாவைக் குறிவைக்கும் ஆன்டிபாடி இரண்டையும் நீக்கும். முழுப் புகழையும் டி செல்லுக்குக் கொடுக்கும் கட்டுரையைப் படிக்கும்போது, எந்த ஆன்டிபாடி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிடி8-பீட்டாவைக் குறிவைத்தால் பெரும்பாலும் டி செல்கள்தான் போகும்.

இன்னொன்று, களைப்பு. நீண்ட தொற்றில் சிடி8 செல்கள் பி.டி.-1 என்ற பிரேக்கை ஏற்றிக்கொண்டு மந்தமாகின்றன. எமரி பல்கலைக்கழகத்தில் ராமராவ் அமரா குழு 2009-ல் குரங்குகளில் இந்தப் பிரேக்கை ஆன்டிபாடியால் தடுத்தபோது சிடி8 செல்கள் மீண்டும் வேகமெடுத்தன, வைரஸ் அளவும் குறைந்தது.

படி 7: நோய்ப்படாத குரங்கோடு ஒப்பிடுங்கள்

ஆப்பிரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட முதனி இனங்களில் எஸ்.ஐ.வி. இருக்கிறது. சூட்டி மாங்கபே, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு போன்றவற்றின் ரத்தத்தில் வைரஸ் தாராளமாக இருக்கும், ஆனால் எய்ட்ஸ் வருவது அபூர்வம். வைரஸ் அளவு மட்டுமே நோயைத் தீர்மானிக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு குரங்குகளே பதில்.

அவை வைரஸைக் கண்டுகொள்ளாமல் இருக்கின்றன என்று முன்பு நினைத்தார்கள். அது தவறு. 2009-ல் வந்த ஆய்வுகளில், அவற்றிலும் முதல் நாட்களில் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் பலமாக எரிகின்றன. ஆனால் சில வாரங்களில் அணைந்துவிடுகின்றன. ரீசஸில் அவை அணைவதே இல்லை. கண்டுபிடிக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நிறுத்தத் தெரிந்திருப்பதில்தான் வித்தியாசம்.

திசுக்களில் பார்த்தால் இன்னும் சுவாரசியம். மாங்கபேயின் குடலிலும் ஆரம்பத்தில் சிடி4 குறைகிறது, ஆனால் டிஹெச்17 தப்புகிறது, சுவர் ஒழுகுவதில்லை. இந்த இனங்களின் சிடி4 செல்களில் சி.சி.ஆர்.5 பொதுவாகவே குறைவு. பச்சைக் குரங்கு வேறொரு தந்திரம் செய்கிறது: அதன் உதவி செல்கள் நினைவு செல்லாக மாறும்போது சிடி4-ஐயே கழற்றிவிடுகின்றன, ஆனால் உதவி வேலையைத் தொடர்கின்றன. வைரஸுக்குக் கதவு இல்லை.

நிணநீர் முடிச்சில் நடப்பதை 2017-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மிகேலா முல்லர்-ட்ருட்வின் குழு காட்டியது. பச்சைக் குரங்கின் என்.கே. செல்கள் ஃபாலிக்கிளுக்குள்ளேயே போகின்றன. ரீசஸின் சிடி8 செல் நுழைய முடியாத அதே இடம். என்.கே. செல்களைத் தாங்கிப் பிடிக்கும் ஐ.எல்.-15 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் (சைட்டோகைன்) தடுத்ததும் முடிச்சில் வைரஸ் ஏறியது. தொடர்பைக் காட்டியதோடு நிற்காமல், ஒன்றை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்றும் பார்த்ததால் இந்த முடிவை நான் அதிகம் நம்புகிறேன்.

படி 8: தடுப்பூசி, சிகிச்சை ஆய்வுகளில் கேட்க வேண்டியவை

இங்கே சுருக்கமாகப் போகலாம், முன் படிகள் கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓரிகானில் லூயிஸ் பிக்கர் குழு ரீசஸின் சைட்டோமெகாலோ வைரஸைத் தடுப்பூசி வாகனமாக்கியது. திசுக்களில் எப்போதும் தயாராக நிற்கும் நினைவு டி செல்களை வளர்ப்பதுதான் நோக்கம். 2011-ல் வெளியான முடிவில், தடுப்பூசி பெற்றவற்றில் சுமார் பாதிக் குரங்குகள் தொற்றை ஆரம்பத்திலேயே அடக்கின. இங்கே கேட்க வேண்டியது: மற்றப் பாதிக்கு என்ன ஆனது, இரண்டு பாதிக்கும் திசுவில் என்ன வித்தியாசம்?

மருந்து கொடுத்த குரங்குகளில் ரத்த வைரஸ் அளவிட முடியாத நிலைக்குப் போனது என்று எழுதியிருந்தால், முடிச்சிலும் குடலிலும் வைரஸ் டி.என்.ஏ. எவ்வளவு என்று அட்டவணையைத் தேடுங்கள். அந்த டி.என்.ஏ.-வில் எவ்வளவு முழுமையானது, எவ்வளவு உடைந்த குப்பை என்றும் பிரித்திருக்கிறார்களா பாருங்கள். உடைந்தவற்றிலிருந்து வைரஸ் திரும்பி வராது. மருந்தை நிறுத்திப் பார்த்தார்களா, நிறுத்தி எத்தனை வாரம் காத்திருந்தார்கள் என்பதுதான் கடைசிக் கேள்வி. 3-ஆம் நாள் சிகிச்சை பெற்ற குரங்குகளை மருந்தை நிறுத்தாமலே விட்டிருந்தால், அவை குணமாகிவிட்டன என்றே அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்கும்.